ரவுப்புத் தங்கமா, பெர்ஜுந்தை மணலா?

சுண்டுவிரல் நீளக் கண்ணாடிக் குப்பி. ஒரு காலத்தில் அத்தர் இருந்திருக்கும். தக்கை வைத்து அடைத்து மேலே மெழுகு ஊற்றியிருந்தார்கள். உள்ளே முக்கால் அளவுக்குக் கறுப்பு மணல். சாய்த்துப் பார்த்தால் கறுப்புக்கு நடுவே தேன் நிறத்தில் பொடிப்பொடியாக ஏதோ மின்னியது. கையில் வாங்கியதும் முதலில் உறைத்தது கனம்தான். அந்த அளவுக் குப்பிக்கு அவ்வளவு கனம் ஆகாது.

"இது எங்க மாமனாரு ரவுப்புல எடுத்தது தம்பி. தங்க மணலு. பேத்தி கல்யாணத்துக்கு உருக்கணும் உருக்கணும்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு, உருக்காமலே போயிட்டாரு" என்றார் பாட்டி. சிலாங்கூரின் பெஸ்தாரி ஜெயாவில், தோட்டம் கைமாறிய பிறகு தாமான் வீட்டுக்குக் குடிவந்த குடும்பம் அது. 2007க்கு முன் ஊரின் பெயர் பத்தாங் பெர்ஜுந்தை. பாட்டிக்கு இன்றும் அதே பெயர்தான். நான் போனது பழைய தோட்டத்துச் செக்ரோல் (ஆள் பதிவு) தாள்களைத் தேடி. கிடைத்தது இந்தக் குப்பி. அவர்கள் கேட்டுக்கொண்டபடி குடும்பத்தின் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் எழுதவில்லை.

பாட்டி சொன்னதைச் சிரித்து ஒதுக்க முடியாது. ரவுப் தங்கம் கட்டுக்கதை அல்ல. 1889இல் வில்லியம் பிபி என்பவர் தொடங்கிய ரவுப் ஆஸ்திரேலியத் தங்கச் சுரங்கக் கம்பெனி பகாங்கில் அரை நூற்றாண்டுக்கு மேல் பொன் எடுத்தது. அங்கே போகும் வழியோ நம் சிலாங்கூர்ப் பக்கத்திலிருந்துதான். 1890களில் கோலகுபுவிலிருந்து மலை ஏறி, கேப் கணவாய் தாண்டி, ரவுப் வழியாகக் கோலலிப்பிஸ் வரை மாட்டுவண்டிச் சாலை போட்டார்கள். வடசிலாங்கூர்த் தோட்டத்து ஆள் ஒருவர் அந்தச் சாலையில் போய்ச் சில மாதம் தங்கச் சுரங்கத்தில் வேலை செய்துவிட்டுத் திரும்பியிருந்தால் வியப்பில்லை. ஆகவே கேள்வி, கதை நடந்திருக்குமா என்பதல்ல. இந்த மணல் அந்தக் கதைக்குச் சாட்சி சொல்கிறதா என்பதே.

தங்கம் தேடுவோர் பாலைவனத்தை விரும்புவதற்குக் காரணம் உண்டு. மேற்கு ஆஸ்திரேலியாவின் கல்கூர்லியில் 1893இல் பேடி ஹானன் கண்டபோது பொன் தரை மேலேயே கிடந்தது. மழை குறைவு, அடர்ந்த காடு இல்லை. வட ஆற்காட்டுத் தமிழர் ஆயிரக்கணக்கில் இறங்கிய கோலார் வயலும் வறண்ட பூமிதான். அங்கே தரைக்கு மேல் கண்ட வெண்கல் வரியைப் பிடித்துக்கொண்டு மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனார்கள். மலாயாவில் அந்த வசதி இல்லை. மழை பாறையைப் பல அடி ஆழத்துக்கு மக்க வைத்துவிடும், அதன் மேல் காடு. இங்கே பாறையைப் படிக்க முடியாது. ஆறு கொண்டுவந்து போட்ட மணலைத்தான் படிக்க வேண்டும்.

முதலில் காகிதத்தைப் படித்தேன். குப்பியைச் சுற்றியிருந்தது தமிழ் நாளிதழ்த் துண்டு. தலைப்பு கிழிந்திருந்தது, தேதி இல்லை. எழுத்து பழைய வடிவம், அதாவது கொம்பு போட்ட 'லை', 'ணை'. நம் நாட்டு ஏடுகள் சீர்திருத்த எழுத்துக்கு மாறியது மிகவும் பிந்தித்தான் என்பதால் அது ஒன்றும் பெரிய துப்பு அல்ல. ஆனால் ஒரு பத்தியில் 'மலாயாக் கூட்டரசு' என்று இருந்தது. அந்தப் பெயரில் நாடு இருந்தது 1948இலிருந்து 1963 வரை. பக்கத்துப் பத்தியில் ஊரடங்கு அறிவிப்பு. ஊரடங்கு, கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை ஒடுக்கப் பிறப்பித்த அவசரகாலத்தின் அடையாளம்; அது முடிந்தது 1960 ஜூலையில். ஆக, குப்பியைச் சுற்றிய காகிதம் 1948க்கும் 1960க்கும் இடைப்பட்டது. காகிதத்தின் வயது மணலின் வயது ஆகாது என்பது உண்மைதான். இருந்தாலும் காப்பகத்தில் தேட வேண்டிய ஆவணப் பெட்டிகளின் எண்ணிக்கை சட்டென்று குறைந்தது.

அடுத்து மணல். நிலவியல் கற்பித்து ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் உதவினார். பாட்டியின் அனுமதியோடு மெழுகை உடைத்து, ஒரு சிட்டிகை எடுத்து வெள்ளைத் தட்டில் பரப்பினார். தேன் நிறத் துகள் ஒன்றை ஊசி முனையால் பிரித்து, இரும்புத் துண்டின் மேல் வைத்துச் சுத்தியால் ஒரு தட்டு. பொன்னாக இருந்தால் நசுங்கித் தகடாகும். இது நொறுங்கித் தூளானது.

அத்தோடு தங்கம் முடிந்தது. ஆனால் அவர் நிறுத்தவில்லை. வலுவான காந்தத்தைத் தாளில் சுற்றித் தட்டுக்கு மேல் காட்டினார். கறுப்பில் ஒரு பகுதி எழுந்து ஒட்டிக்கொண்டது: இல்மனைட். ஒட்டாமல் கிடந்த கரும்பழுப்புக் குருணையில் நாலைந்தைத் துத்தநாகத் தகட்டின் மேல் வைத்தார். பழைய டார்ச்லைட் பேட்டரியின் உறையை வெட்டி எடுத்த தகடுதான். அதன் மேல் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் சில சொட்டு. நுரைத்தது. கொஞ்ச நேரம் பொறுத்து, கழுவி, பூதக்கண்ணாடியில் காட்டினார். கரும்பழுப்பாக இருந்த குருணைகளின் மேல் வெள்ளி போலச் சாம்பல் பூச்சு ஏறியிருந்தது. ஈயத்தாதுவுக்கு, அதாவது காசிட்டரைட் என்னும் வெள்ளீயத் தாதுவுக்கு, சுரங்கக்காரர்கள் காலங்காலமாகச் செய்துவரும் சோதனை இது. வேறு எந்தக் கறுப்பு மணலும் இந்தப் பூச்சைக் காட்டாது.

கனத்துக்கும் விளக்கம் கிடைத்தது. சாதாரண வெண்மணல் தண்ணீரைவிட இரண்டரை மடங்குக்குச் சற்று அதிகம் கனம். இல்மனைட் ஐந்து மடங்குக்குக் கொஞ்சம் குறைவு. காசிட்டரைட் ஏழு மடங்கு. பொன் பத்தொன்பது மடங்கு. குப்பி நிறைய அதுவே இருந்திருந்தால் பாட்டி அதை விளக்குமாடத்தில் வைத்திருக்க மாட்டார்.

மிச்சம் அந்தத் தேன் துகள். ஆசிரியர் கைகர் கருவியைப் பக்கத்தில் கொண்டுபோனார். டிக், டிக் என்று விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்த சத்தம் தெளிவாக வேகம் பிடித்தது. மோனசைட். தோரியமும் அருமண் தனிமங்களும் கலந்த பாஸ்பேட் கனிமம்.

பெயரைக் கேட்டதும் தமிழ்நாட்டு வாசகருக்கு மணவாளக்குறிச்சி நினைவுக்கு வரும். 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் இதே மோனசைட்டைக் கண்டுபிடித்தார். அந்த மணலின் தடம் பிடித்து வந்துதான் மணவாளக்குறிச்சியில் ஆலை எழுந்தது. அன்றைக்கு அதற்கு அவ்வளவு கிராக்கி வரக் காரணம் விளக்கு. கேஸ் விளக்கின் வலைத்திரியில் தோரியம் ஆக்சைடு ஏற்றித்தான் அன்று வெள்ளை வெளிச்சம் வரவழைத்தார்கள். தோட்டத்துத் திருவிழாவில் கூத்துக்கும் காவடிக்கும் எரிந்த பெட்ரோமாக்ஸ் மேண்டில் அந்தச் சரக்குதான். லயத்து மக்கள் 'தங்கம்' என்று பொத்தி வைத்ததும், கோயில் வாசலில் கொளுத்தி வைத்ததும் ஒரே பொருள் என்பதில் எனக்குக் கொஞ்சம் வேடிக்கை.

இந்தக் கூட்டணி, அதாவது காசிட்டரைட், இல்மனைட், மோனசைட் மூன்றும் ஒரே சிட்டிகையில் இருப்பதே பிறப்புச் சான்றிதழ். தீபகற்பத்தின் முதுகெலும்பான தித்திவங்சா மலைத்தொடர் கருங்கல்லால் ஆனது. இருபது கோடி ஆண்டுக்கும் மேற்பட்ட வயது. இரண்டு நிலத்துண்டுகள் மோதி ஒட்டிய காலத்தில் அடியில் உருகிக் குளிர்ந்த பாறை. அந்தத் தையல் இன்றும் பெந்தோங், ரவுப் வழியே ஓடுகிறது. தையலுக்கு மேற்கே கருங்கல்லும் அதன் ஈயமும். கிழக்கே பொன் வார். ரவுப்பின் பொன் கரிச்சத்து மிகுந்த பழைய படிவுப் பாறைகளுக்குள் ஓடும் வெண்கல் வரிகளில் இருப்பது. அதற்குத் துணை ஆண்டிமனித் தாதும் ஆர்சனிக் கலந்த கந்தகத் தாதுகளும். அங்கிருந்து ஒரு குப்பி நிறையக் கொண்டுவந்திருந்தால் அதில் வெண்கல் நொறுங்கலும் கந்தகத் தாதும் இருக்க வேண்டும். ஒரு துகள் கூட இல்லை. தங்கமே தப்பித்தவறி இருந்தாலும் அது முடிவாகாது. பேராக்கின் பீடோர் பக்கம் ஈயம் அலசும்போது உபரியாகப் பொன் கிடைத்தது உண்டு. கூட்டாளிகளைப் பார்த்துத்தான் ஊரைச் சொல்ல வேண்டும்.

ஆக மணல் இந்தப் பக்கத்தது. இந்தப் பக்கத்தில் எங்கே?

இங்கேதான் ஏடுகளுக்குள் இறங்க வேண்டியிருந்தது. மலாயாவின் நிலவியல் துறை 1903இல் ஸ்கிரிவனர் என்ற நிலவியலாளர் பத்து காஜாவில் வந்து அமர்ந்ததிலிருந்து தொடங்குகிறது. அவருக்குப் பின் வந்தவர்கள் நாட்டைத் துண்டு துண்டாக அளந்து, வட்டாரத்துக்கு ஒரு நூலாக வெளியிட்டார்கள். அந்த வரிசையில் ஏழாவது, 1953இல் வந்தது: கோலசிலாங்கூர், ராசா சுற்றுவட்டாரத்தின் நிலவியலும் கனிம வளமும், கூடவே பத்து ஆராங் நிலக்கரி வயல் பற்றிய பகுதி. எழுதியவர் எஃப். டபிள்யூ. ரோ. என் குப்பிக்கென்றே அச்சடித்தது போன்ற தலைப்பு. நூல் வெளிவந்தபோது ரோ இங்கே இல்லை. போர்னியோவின் பிரிட்டிஷ் பகுதிகளுக்கான நிலவியல் துறைக்கு இயக்குநராகப் போய்விட்டார். நடுவில் ஜப்பானியர் ஆட்சி, பிறகு அவசரகாலம். காட்டுக்குள் சுத்தியலோடு நடப்பதே ஆபத்தான ஆண்டுகளில் வட்டார நிலவியலுக்கு ஒரு நூல் அச்சேறியது என்றால், ஈயமும் கரியும் அரசுக்கு எவ்வளவு அவசரம் என்று புரிந்துகொள்ளலாம்.

ராசாவையும் கோலசிலாங்கூரையும் ஏன் ஒரே நூலில் கட்டினார்கள் என்பதற்குச் சிலாங்கூர் ஆறே பதில். ஃபிரேசர் மலைப் பக்கத்துச் சரிவில் இறங்கி, கோலகுபு, ராசா வட்டாரம் தாண்டி, பெஸ்தாரி ஜெயாவைச் சுற்றி, கோலசிலாங்கூரில் கடல் சேர்கிறது. மலையில் மக்கிய கருங்கல்லின் கனமான மணலை மேலேயே போட்டுவிட்டு, இலேசான சேற்றைக் கீழே கொண்டுபோகும். இடையில் கடலும் விளையாடியது. பனியுகத்தில் கடல்மட்டம் வெகுவாகத் தாழ்ந்திருந்தபோது ஆறுகள் ஆழமாக வெட்டி அடியில் ஈயச் சரளையைப் படிய வைத்தன. பிறகு கடல் ஏறி, அதன் மேல் களிமண்ணைப் பூசியது. அதற்கும் மேலே ராஜா மூசா காட்டின் கரிச்சதுப்பு. அதனால்தான் கோலசிலாங்கூர்ப் பக்கக் களிமண்ணில் தென்னையும் கித்தாவும் பிறகு செம்பனையும் வந்தன. உள்ளே போகப்போக ஈயக் குட்டைகள். பெஸ்தாரி ஜெயா இரண்டுக்கும் எல்லை. 1917இல் ஆன்றி ஃபோகோனியே மலாயாவின் முதல் வணிகச் செம்பனையை நட்ட தென்னமரம் தோட்டமும் இங்கேதான், ஈயம் தோண்டும் மிதவை இயந்திரங்களான பெர்ஜுந்தை ஈயக்கப்பல்கள் மிதந்ததும் இங்கேதான்.

ஆறு எவ்வளவு மணல் சுமந்தது என்பதற்குக் கோலகுபுவே சாட்சி. 1883இல் அணை உடைந்து ஊர் மூழ்கியது; வெள்ளைக்கார மாஜிஸ்திரேட்டும் அதில் போனார். அதைவிட மோசம், மேலே ஈயம் அலசிய கழிவு மணல் வருடா வருடம் இறங்கி ஆற்றுப்படுகையையே உயர்த்தியது. வெள்ளம் ஊருக்குள் புகுந்துகொண்டே இருந்ததால் 1920களின் பிற்பாதியில் ஊரையே தூக்கிவந்து கோலகுபு பாரு என்று புதிதாகக் கட்டினார்கள்.

இனி ஆளைத் தேட வேண்டும். தேசிய ஆவணக் காப்பகத்தில் சிலாங்கூர்ச் செயலகக் கோப்புகள் மலையாகக் கிடக்கின்றன. ஈயக் கோப்புகளைப் புரட்டினால் டன், ஏக்கர், குத்தகை, சீனத் தவுக்கே. தமிழ்ப் பெயர் வந்தால் அது முதலாளிப் பெயர்: கா. தம்புசாமிப் பிள்ளை. கோலாலம்பூர் மாரியம்மன் கோயிலைக் கட்டியவர். 1894இல் சீன முதலாளி லோக் இயூவோடு சேர்ந்து ரவாங் ஈயச் சுரங்கத்தில் மின்சாரப் பம்பு ஓட்டியவர். மலாயாவில் மின்சாரம் காலெடுத்து வைத்தது அந்தக் குழிக்குள்தான். பெரிய மனிதர், பக்கம் பக்கமாகக் கிடைக்கிறார். ஈயக் குழியில் நின்ற சாதாரணத் தமிழன் கிடைக்கவில்லை. தொழிலாளர் துறைத் தாள்களைத் திறந்தால் தமிழன் இருக்கிறான், ஆனால் அங்கே அவன் தோட்டத்தில்தான் இருக்கிறான்: பால்மரம், பெரட்டு, கங்காணி, கள்ளுக்கடை. 'தமிழன் என்றால் தோட்டம், சீனன் என்றால் சுரங்கம்' என்று அரசாங்கம் அலமாரி பிரித்துவிட்டது. நம் வரலாற்றாசிரியர்களும் பெரும்பாலும் அந்த அலமாரிப்படியே எழுதிவிட்டார்கள். இது என் குறை. பத்து ஆராங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 1915 முதல் 1960 வரை கரி வெட்டிய ஊர், 1937 மார்ச்சில் அரசையே ஆட்டிய வேலைநிறுத்தம் நடந்த ஊர். அங்கிருந்த தமிழர்களைப் பற்றி எத்தனை பக்கம் எழுதியிருக்கிறோம்?

அலமாரிகளுக்கு நடுவில் விழுந்த ஆளைப் பிடித்துக் கொடுத்தது அரசுக் கோப்பு அல்ல, பாட்டியின் தகரப் பெட்டி. அடையாள அட்டை, சூராட் பெராநாக் (பிறப்புப் பத்திரம்) என்று பத்திரமாகக் கட்டி வைத்திருந்த கட்டுக்குள் இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) தாள் ஒன்று. ஊழியர் சேமநிதிச் சட்டம் 1951இல் வந்தது. சந்தா கட்டும் முதலாளி யார் என்று தாளில் எழுதியாக வேண்டும். 1950களின் நடுப்பகுதித் தாள். முதலாளி கட்டத்தில் தோட்டத்தின் பெயர் இல்லை. ஈயக்கப்பல் கம்பெனி ஒன்றின் பெயர். அதைப் படித்துக் காட்டியதும் பாட்டிக்கு ஞாபகம் வந்துவிட்டது. "ஆமா தம்பி, ராத்திரி ஷிப்டுக்குப் போவாராம். விடிய விடிய கப்பல் கிரீச்சு கிரீச்சுனு கத்துமாம், பிள்ளைங்க தூங்காதுங்களாம்னு மாமியா சொல்லுவாங்க. அப்புறம் திரும்பிப் பால் வெட்டுக்கே வந்துட்டாரு."

ஈயக்கப்பலின் வாளிச் சங்கிலி குளத்தடியிலிருந்து சரளையை அள்ளி மேலே கொட்டும். அலசி மிஞ்சிய கனமணலைக் கரையிலுள்ள கொட்டகைக்குக் கொண்டுபோய், உலர்த்தி, காந்தத்தாலும் காற்றாலும் ஈயத்தாதைப் பிரிப்பார்கள். பிரித்தது போக மிஞ்சுவது 'அமாங்': இல்மனைட், சிர்க்கான், மோனசைட், கண்ணுக்குத் தப்பிய கொஞ்சம் ஈயம். பாட்டியின் குப்பியில் இருப்பது, பிரித்துப் பார்த்தால், ஏறக்குறைய அதே சேர்மானம். அமாங் குவியலிலிருந்து ஒரு கைப்பிடி. அந்தக் காலத்தில் அது பெரும்பாலும் கழிவு. பின்னால் அதற்கும் விலை வந்தது, வினையும் வந்தது. ஈப்போ அருகே புக்கிட் மேராவில் அமாங்கிலிருந்து அருமண் எடுத்த ஆலை 1982இல் தொடங்கி, கதிரியக்கக் கழிவுக்காக மக்கள் தொடுத்த வழக்கை நீண்டகாலம் சந்தித்து, 1994இல் மூடப்பட்டது.

பிறகு ரவுப் எப்படிக் கதைக்குள் வந்தது? என் ஊகம் இது: உரிமம் இல்லாமல் ஈயத்தாது வைத்திருப்பது அன்றைக்குக் குற்றம். அவசரகாலத்தில் லயத்தில் சோதனை சகஜம். 'ஈய மணல்' என்றால் போலீஸ் கேள்வி கேட்கும். 'ரவுப்புத் தங்கம்' என்றால் சிரித்துவிட்டுப் போய்விடும். சொல்லிச் சொல்லிப் பிள்ளைகளுக்கு அதுவே உண்மையாயிற்று.

1985 அக்டோபர் 24ஆம் தேதி அனைத்துலக ஈய மன்றம் கையில் காசில்லை என்று கைவிரித்தது. லண்டன் சந்தையில் ஈய வணிகமே நின்றது. அடுத்தடுத்துச் சுரங்கங்கள் மூடின, கப்பல்கள் துண்டு துண்டாகப் போயின. மிஞ்சிய குட்டைகள் 2014 வறட்சியில் வேறு விதமாக உதவின. பெஸ்தாரி ஜெயாக் குட்டைத் தண்ணீரை ஆற்றில் இறைத்துவிட்டுத்தான் கிள்ளான் பள்ளத்தாக்கின் குழாய்களை அன்றைக்குச் சமாளித்தார்கள்.

பாட்டியிடம் முடிவைச் சொன்னேன். தங்கம் இல்லை என்றதில் அவருக்கு வருத்தமில்லை. மாமனார் கப்பலில் வேலை செய்ததற்குத் தாள் இருக்கிறதே என்பதில்தான் மகிழ்ச்சி. குப்பியை மீண்டும் அடைத்து, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வைக்கச் சொல்லியிருக்கிறேன். மோனசைட் தூசியை மூச்சில் இழுக்கக் கூடாது.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் 1950கள், 1960களின் இபிஎஃப் தாள், செக்ரோல் துண்டு, சம்பளச் சீட்டு, சிவப்பு ஐசி எது இருந்தாலும் வீடு மாறும்போது குப்பையில் போடாதீர்கள். முதலாளியின் பெயர் எழுதிய கட்டம் தெளிவாகத் தெரியும்படி ஒரு படம் எடுத்து, தாத்தாவின் ஊரையும் தோட்டத்தையும் பின்னால் எழுதி, தேசிய ஆவணக் காப்பகத்துக்கு ஒரு நகல் கொடுங்கள். பெர்ஜுந்தை, ராசா, பத்து ஆராங் பக்கத்துக் குடும்பங்களாக இருந்தால் அவசியம் கொடுங்கள்.